ஒரே பிரதிக்கு ஓர் அச்சகம்

ஒரு புத்தகம், அதுவும் ஒரே ஒரு பிரதி! முன்பெல்லாம் இப்படிக் கேட்டால் அச்சகத்தார் சிரித்திருப்பார். ஆஃப்செட் முறையில் அச்சிட முதலில் அலுமினியத் தகடுகள் செய்ய வேண்டும். பல நூறு பிரதிகள் ஓட்டினால்தான் அந்தச் செலவு கட்டுப்படியாகும்.

ஆனால் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரிலுள்ள 'செவே' நிறுவனம் 2019-இல் மட்டும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட புகைப்பட நூல்களை விற்றது. வீட்டுக்கு வீடு வேறு நூல்!

1961-இல் தோன்றிய இந்நிறுவனத்தின் பழைய தொழில், பிலிம் கழுவிப் படம் போட்டுக் கொடுப்பது. டிஜிட்டல் காமிரா வந்ததும் பிலிம் சுருள்கள் வருவது குறைந்தது. பிலிம் உலகின் அரசனான கோடக்கே 2012-இல் திவால் மனு கொடுத்தது என்றால் பாருங்களேன்! செவேயோ 2005-இலேயே புகைப்பட நூலில் இறங்கிவிட்டது. வாடிக்கையாளர் கணிப்பொறியில் பக்கங்களை அமைத்து இணையத்தில் அனுப்பினால், நூல் அச்சாகி வரும்.

தகடு இல்லாமல் எப்படி அச்சிடுவது? மின்னூட்டம் ஏற்றிய உருளைமீது லேசர் கதிர் படத்தை வரைகிறது. கதிர் பட்ட இடத்தில் மின்னூட்டம் நீங்குகிறது. அங்கு மட்டும் மை ஒட்டித் தாளுக்குப் போகிறது. அடுத்த சுற்றில் உருளைமீது வேறு படம் வரையலாம். ஆகவே ஒரு பிரதியானாலும் ஆயிரமானாலும் பக்கச் செலவில் பெரிய வேறுபாடு இல்லை.

ஏ4 பக்கம் நிறைய ஒரு படமா? அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள் வேண்டும். கைப்பேசியில் சுருக்கி அனுப்பிய படம் அச்சில் மங்குவது இதனால்தான்.