ஃபார்மட் போடுமுன் ஒரு நிமிஷம்!

வாசக சகோதரிகளே, உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு நாள் காலை திடீரென்று திரை முழுவதும் நீலமாகி, ஓர் அழுமூஞ்சிப் பொம்மையையும் காட்டி, வாயில் நுழையாத இங்கிலீஷில் ஏதோ சொன்னால் என்ன செய்வீர்கள்? ஸ்விட்சை அணைப்பீர்கள், மறுபடியும் போடுவீர்கள், மறுபடியும் நீலம். பிறகு ஒரு பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவீர்கள். அங்கே பெரும்பாலும் ஒரே மருந்துதான்: "ஃபார்மட் போட்டுடலாம்மா, புதுசு மாதிரி ஆயிடும்."

புதுசு மாதிரி ஆகும் என்பது வாஸ்தவம். வீட்டைக் காலி செய்து வெள்ளையடித்தால் புதுசாகத்தானே இருக்கும்? உள்ளே இருந்த சாமான் எங்கே என்பதல்லவா கேள்வி!

எங்கள் புதுச்சேரியில், வைசியாள் வீதியில் இருக்கும் எனக்கு வேண்டிய ஓர் அக்கா இந்த மருந்தைச் சாப்பிட இருந்தார். 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் வந்தது நினைவிருக்கும். ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மின்சாரம் வருவதும் போவதுமாகக் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்த நேரத்தில், அக்காவின் கம்ப்யூட்டர் "அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அக்கா அணைக்கவில்லை, கரண்ட் அணைத்துவிட்டது. தண்ணீர் வடிந்து விளக்கு எரிந்த பிறகு பார்த்தால், நீலத் திரை. அதன் அடியில் 'இன்ஆக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்ற வாசகம்.

பெட்டிக்குள் என்ன இருந்தது தெரியுமா? அக்காவின் பாட்டனார் சைகோனில் சொல்தாவாக இருந்தவர். அவருடைய பிரெஞ்சு ராணுவக் கடுதாசிகள், பிறப்புப் பதிவு, 1962 ஆகஸ்டு 16-க்குப் பிறகு ஆறு மாதத் தவணைக்குள் பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்புகிறேன் என்று எழுதிக் கொடுத்த பத்திரம் எல்லாவற்றையும் அக்காவின் கணவர் பொறுமையாக ஸ்கேன் செய்து வைத்திருந்தார். அவரும் இப்போது இல்லை. மூலக் கடுதாசிகளில் பாதியைச் செல் அரித்துவிட்டது. இந்த ஊரில் அத்தகைய ஒரு காகிதத்துக்கு என்ன மதிப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைக்காரத் தம்பி 500 ரூபாய் கேட்டார். அக்காவும் கொடுக்கத் தயார். அந்தச் சமயத்தில் கடலூரிலிருந்து அண்ணன் மகள் வந்து சேர்ந்தாளோ, பிழைத்தோமோ!

"அத்தே, அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?"

"எனக்கென்னடி புரியுது?"

"டிஸ்க் செத்துப்போச்சுன்னு சொல்லலே. டிஸ்க்குக்குப் போற வழி தெரியலேன்னுதான் சொல்லுது."

நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய பேதம் இதுதான். கம்ப்யூட்டரில் விண்டோஸ் போன்ற இயங்குதளம் வேறு, நம்முடைய படங்களும் கடிதங்களும் வேறு. இரண்டும் ஒரே டிஸ்க்கில் குடியிருந்தாலும், ஒன்று படுத்துவிட்டால் மற்றது போய்விட்டதாக அர்த்தமில்லை. வாசல் பூட்டு இறுகிப் போனால் பீரோவில் இருக்கும் பட்டுப்புடவைக்கு என்ன கேடு?

ஆனால் ஒன்று. பெட்டிக்குள்ளிருந்து 'டக், டக்' என்று ஒரே சீராகச் சத்தம் கேட்டால் அது பூட்டுக் கோளாறு அல்ல, டிஸ்க்கே நோயாளி. அப்போது எந்த ரிப்பேரும் முயலாமல் அணைத்துவிட்டு, டேட்டா மீட்பதையே தொழிலாகச் செய்பவர்களிடம் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும் சேதம் கூடும்.

அக்காவின் பெட்டியில் அந்தச் சத்தம் இல்லை. அந்தப் பெண் என்ன செய்தாள் என்று கேளுங்கள். தமிழக அரசு 2011 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவச லாப்டாப்களில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் நிறுவனம் தயாரித்த 'பாஸ்' என்ற லினக்ஸ் தளமும் இருந்தது. ப்ளஸ் டூ படிக்கையில் அதில் பழகிய பெண் இவள். தன் லாப்டாப்பில் ஒரு 8 ஜி.பி. பென் டிரைவை எடுத்து அதில் 'பாஸ்' தளத்தை ஏற்றினாள். அத்தையின் கம்ப்யூட்டரில் அதைச் செருகி, ஸ்விட்ச் போட்டவுடன் எஃப் 12 பொத்தானைத் தட்டினாள். (சில கம்பெனிக்கு எஃப் 9, சிலவற்றுக்கு எஸ்கேப்.) எதிலிருந்து கிளம்புவது என்று பெட்டி கேட்டது. பென் டிரைவைக் காட்டினாள்.

இங்கே ஒரு கண்டம் இருக்கிறது. திரையில் 'லைவ்' என்றும் 'இன்ஸ்டால்' என்றும் வரும். 'லைவ்' என்றால் பென் டிரைவிலிருந்தே ஓடும். டிஸ்க்கைத் தானாகத் தொடாது. 'இன்ஸ்டால்' என்றால் டிஸ்க்கில் குடியேறிவிடும். அவசரத்தில் இதை அமுக்கினால் சொல்தா தாத்தா கோவிந்தா!

'லைவ்' வந்தது. டிஸ்க்கும் தெரிந்தது, கணவர் தம் கையால் பெயரிட்ட ஃபோல்டரும் தெரிந்தது. 'படிக்க மட்டுமே அனுமதி' என்று ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் முழுக்கத் தூங்காமல் அரைத்தூக்கத்தில் நின்றால் இப்படி வரும். காப்பி எடுக்க அது போதும். வெளியில் செருகிய டிஸ்க்கில் எல்லாவற்றையும் காப்பி எடுக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம். அக்கா அதுவரை ஒரு வாய் காபிகூடக் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் வைத்தியம். விண்டோஸ் இரண்டு மூன்று தடவை கிளம்பத் தவறினால் தானாகவே ஒரு நீல மெனுவைக் காட்டும். அதில் 'ட்ரபிள்ஷூட்', அதற்குள் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்'. முதலில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' செய்து பார்த்தாள்; முடியவில்லை என்று கையை விரித்தது. அடுத்து 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. பாதியில் நின்ற அப்டேட்டைத் தூக்கி எறிந்ததும் பெட்டி பழையபடி எழுந்து உட்கார்ந்தது. 500 ரூபாய் மிச்சம்.

அதுவும் பலிக்காவிட்டால் 'ரீசெட்' உண்டு. அங்கே 'கீப் மை ஃபைல்ஸ்' என்றும் 'ரிமூவ் எவ்ரிதிங்' என்றும் இரண்டு வழி. முதலாவதில் நம் கோப்புகள் தங்கும், நாம் ஏற்றிய புரோகிராம்கள் போகும். இரண்டாவதன் பெயரே போதுமே!

புதிய லாப்டாப் வாங்கியிருக்கும் சகோதரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இப்போது வரும் பெட்டிகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டு வருகிறது. 'பிட்லாக்கர்' என்று பெயர். கோளாறு வந்தால் 48 இலக்கச் சாவி கேட்கும். அது இல்லாமல் அந்தக் கடலூர்ப் பெண்ணாலும் உள்ளே போக முடியாது. 2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் கம்பெனியின் ஒரு தவறான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன அல்லவா? நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்குத் தவறான ஃபைலை நீக்குவது சுலபமாக இருந்தது. பூட்டிய பெட்டிகளுக்குச் சாவி தேடுவதே பல இடங்களில் பெரும்பாடாயிற்று. பெரும்பாலும் உங்கள் மைக்ரோஸாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கும். இன்றே பார்த்து, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் எழுதி வையுங்கள்.

புதிதாக விண்டோஸ் போடும்போது, 'இந்த டிஸ்க்கில் போட முடியாது, எம்.பி.ஆர்.' அல்லது 'ஜி.பி.டி.' என்று ஒரு தகராறு வரும். பழைய முறை, புதிய முறை என்ற வழக்கு அது. உடனே சிலர் எல்லாப் பாகங்களையும் அழித்துவிடச் சொல்வார்கள். காப்பி கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளாமல் அதற்குச் சம்மதிக்காதீர்கள். டிஸ்க்கே கண்ணில் படவில்லை என்றால், சில புதிய லாப்டாப்களில் இன்டெல் டிரைவர் ஒன்றைப் பென் டிரைவில் தனியாகக் கொடுத்தால் தெரியவரும். ஏற்கெனவே ஃபார்மட் போட்டுவிட்டீர்களா? அதன்மேல் ஒன்றும் எழுதாமல் நிறுத்துங்கள். பழைய சுழலும் டிஸ்க்காக இருந்தால் மீட்க ஓரளவு வழி உண்டு, எஸ்.எஸ்.டி.யாக இருந்தால் அநேகமாக இல்லை.

அக்காவின் கடுதாசிகள் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன: கம்ப்யூட்டரில் ஒன்று, நகைப்பெட்டியோடு ஒன்று, கடலூரில் ஒன்று. பெட்டிக்குத்தான் வேறு கஷ்டம் வந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோஸாஃப்டின் வழக்கமான ஆதரவு நின்றது. 11 போட்டுப் பார்த்தால் 'டி.பி.எம். 2.0' என்ற சில்லு இல்லை என்று மறுக்கிறது. பொங்கலுக்கு வரும்போது 'பாஸ்' தளத்தையே முழுசாகப் போட்டுத் தருவதாக மருமகள் சொல்லியிருக்கிறாள். அக்காவுக்கு அதில் ஒரே ஒரு சந்தேகம்.

"ஏண்டி, அதுல சீட்டாட்டம் இருக்குமில்லே?"