கேள்வி கேட்டு எழுதிய வேதியியல்

தமக்குப் பழக்கமில்லாத துறையைப் பற்றி ஒருவர் நூல் எழுத முடியுமா? லண்டனில் ஜேன் மார்செட் அம்மையார் எழுதினார். ஹம்ப்ரி டேவியின் சோதனைச் சொற்பொழிவுகளைக் கேட்கச் சென்றபோது, அவற்றின் வேகத்தில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு வேதியியல் அறிந்த நண்பருடன் உரையாடி, சோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்தார், விளங்கியது! கணவரும் வேதியியல் கற்ற மருத்துவர். ஐயம் கேட்க வீட்டிலேயே ஆள் உண்டு.

1806-ல் பெயரின்றி வெளியிட்ட அவரது நூலில் ஓர் ஆசிரியையும் இரு மாணவியரும் பேசிக்கொள்கிறார்கள். குறுக்குக் கேள்வி போடும் கரோலினைத்தான் எனக்குப் பிடிக்கும். 1807-ல் டேவி பொட்டாசியத்தைப் பிரித்தெடுத்தார். பின்வந்த பதிப்புகளில் அதுவும் இடம்பெற்றது.

புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிய மைக்கேல் ஃபாரடே அந்நூலைப் படித்தார். அப்படியே நம்பிவிடாமல், தம்மால் இயன்ற சிறு சோதனைகளால் சரிபார்த்தார். பிற்காலத்தில் தம் ஆய்வுக் கட்டுரைகளை அம்மையாருக்கு நன்றியுடன் அனுப்பிவைத்தார்.