நீல அங்கிப் பள்ளி

இங்கிலாந்தில் 'பப்ளிக் ஸ்கூல்' என வழங்கப்பெறுவன பெயரளவிலேயே பொதுப் பள்ளிகள். உண்மையில் அவை கட்டணம் பெறும் தனியார் பள்ளிகளாகும். அவற்றுட் சில ஏழைகட்கெனவே தோன்றின. ஆறாம் ஹென்றி மன்னர் 1440இல் ஈட்டன் கல்லூரியை நிறுவியது 70 ஏழை மாணவர்க்கு இலவசக் கல்வி அளிக்கவே. காலப்போக்கில் அது செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளியாகவே பெயர் பெற்றது. தோன்றிய நோக்கத்தை மறவாத வேறொரு பள்ளியை ஈண்டு நாம் அறிந்துகொள்வோம். அதுவே கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல்.

பெயர் கண்டு மருத்துவமனை என மயங்க வேண்டா. ஆதரவற்றோர்க்குப் புகலிடம் தரும் அறச்சாலையையும் அச்சொல் அந்நாளில் குறித்தது. ஆயர் ரிட்லியின் அறவுரை கேட்டு ஆறாம் எட்வர்டு மன்னர் உளம் இரங்கினார். இலண்டன் நகர மக்கள் பொருள் ஈந்தனர். துறவியர் மடமாக இருந்த கட்டடத்தில், 1552 நவம்பரில் 380 பிள்ளைகள் சேர்க்கப்பெற்றனர். 1553 ஜூனில் பட்டயம் வழங்கிய மன்னர், சில நாட்களிலேயே தம் 15ஆம் வயதில் மறைந்தார். அறம் மறையவில்லை.

1666ஆம் ஆண்டுப் பெருந்தீயில் கட்டடங்கள் பல அழிந்தும் பள்ளி நிலைத்தது. 1673இல் இரண்டாம் சார்லஸ் மன்னர், கடலோடுதற்குரிய கணிதம் பயிற்றும் பிரிவொன்றை இதில் ஏற்படுத்தினார். தந்தையை இழந்த சிறுவன் ஒருவனும் வழக்கறிஞரின் எழுத்தர் மகன் ஒருவனும் 1782இல் இங்குச் சேர்ந்தனர். பின்னாளில் கவிஞராய்ப் புகழ்பெற்ற கோல்ரிட்ஜும் கட்டுரையாளர் சார்லஸ் லாம்பும் அவர்களே. அவர்தம் நட்பும் இங்கு முளைத்ததேயாம்.

1902இல் பள்ளி இலண்டனை விட்டு ஹார்ஷம் என்னும் ஊருக்குப் பெயர்ந்தது. ஹெர்ட்ஃபோர்டில் தனியே பயின்ற மாணவியர் 1985இல் இங்கு வந்திணைந்தனர். நீண்ட நீல அங்கியும் மஞ்சள் காலுறையும் இன்றும் மாணவர் சீருடை. அதனைப் பள்ளியே இலவசமாக வழங்குகிறது. முழுக் கட்டணம் செலுத்துவோரும் இங்கு உளர். குடும்ப வருவாய்க்கேற்பக் குறைந்த கட்டணம் செலுத்துவோரும், ஏதும் செலுத்தாதோரும் உளர். ஆயின் உடையைக் கொண்டு எவர் செல்வர், எவர் வறியர் எனப் பிரித்தறிய இயலாது.

தலைமுறை தலைமுறையாகப் பலர் ஈந்த அறக்கொடையே இதனைத் தாங்கி நிற்கிறது. பயின்றோர் மீண்டும் கொடையாளராவதும் இங்கு மரபு. கல்விக்கூடத்தின் பெருமையை ஆண்டுகளால் மட்டும் அளத்தல் போதாது. யார் பொருட்டு அதன் கதவு முதலில் திறக்கப்பட்டதோ, அவர்க்கு அது இன்றும் திறந்திருக்கிறதா எனக் காண்பதே தக்க அளவுகோல் என்பது நம் துணிபு.