ஒரு குடம் எடையில் ஒரு விளையாட்டுப் பெட்டி

வற்றல், வடாம், கூடை பின்னல் என்று எழுத வேண்டியவள் தச்சு வேலையைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று நினைக்காதீர்கள், சகோதரிகளே! நான் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள். ரம்பம் பிடித்துப் பழக்கமில்லை. ஆனால் இன்று எங்கள் வைத்திக்குப்பம் வீட்டுக் கூடத்தில், மேஜை மேல் ஒரு வீடியோ கேம் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. அதை நானும் என் பதினான்கு வயது மகனும் சேர்ந்து செய்தோம். ஏன் செய்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எப்படி என்பது பிறகு.

மூவாயிரத்து இருநூறு ரூபாய்

போன வருஷம் ஒரு நாள் சீட்டுப் பணம் கட்டலாம் என்று போனைத் திறந்தால், கணக்கில் 3,200 ரூபாய் குறைந்திருந்தது. விசாரித்ததில் பிள்ளைதான்! செல்போன் ஆட்டம் ஒன்றில் 'காயின்' வாங்கியிருக்கிறான். நான் காய்கறிக் கடையில் பணம் அனுப்பும்போது பின்னால் நின்று ரகசிய எண்ணைப் பார்த்து வைத்திருக்கிறான். பணம் வைத்துச் சூதாடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025-ல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. ஆனால் இது பந்தயம் இல்லை. ஆட்டத்துக்குள்ளேயே கத்தி, சட்டை, தொப்பி என்று விற்கிற கடை. அது எல்லார் வீட்டிலும் திறந்துதான் இருக்கிறது.

கத்தினேன். போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன். ஒரு வாரம் அவன் என்னோடு பேசவில்லை. "சாப்பிட வாடா" என்றால் வருவான், சாப்பிடுவான், போவான். பணம் போனதைவிட அந்த ஒரு வாரம்தான் எனக்குப் பெரிய நஷ்டமாகத் தெரிந்தது.

எட்டாம் நாள் அவனே வந்தான். "அம்மா, உங்க காலத்துல வீடியோ கேம் கடைன்னு இருந்துச்சாமே, நீங்க ஆடியிருக்கீங்களா?" என்றான். சண்டையை முடிக்க அவனுக்குத் தெரிந்த வழி அது. நானும் பிடித்துக்கொண்டேன்.

பெண்களுக்காகப் பிறந்த ஆட்டம்

எங்கள் சின்ன வயதில் டவுனில் அப்படிக் கடைகள் இருந்தன. ஆளுயரப் பெட்டி, அதில் ஒரு டி.வி., கீழே ஒரு குச்சி, நாலைந்து பொத்தான்கள். காசு போட்டால் ஆட்டம். என் தம்பி போவான். நான் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பேன். "பொம்பளப் பிள்ளைக்கு அங்க என்ன வேலை?" என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

இதைச் சொன்னதும் மகன் தேடிப் படித்துவிட்டு வந்து ஒரு விஷயம் சொன்னான். பார்த்திருப்பீர்களே, மஞ்சள் நிற வட்டம் ஒன்று வாயைத் திறந்து மூடிக்கொண்டு புள்ளிகளைத் தின்னும் 'பாக்மேன்' ஆட்டம்? அதை 1980-ல் ஜப்பானில் நாம்கோ நிறுவனத்தைச் சேர்ந்த தோரு இவாதானி என்பவர் உருவாக்கினார். அப்போது வந்த ஆட்டமெல்லாம் சுடுவதும் வெடிப்பதும்தான், கடைகளில் ஆண்கள்தான். பெண்களும் வந்து ஆடும்படி ஒன்று வேண்டும் என்று யோசித்து, சாப்பிடுவதையே ஆட்டமாக்கினாராம். ஒரு துண்டு எடுத்துவிட்ட பீட்சாதான் அந்த உருவத்துக்கு மாதிரி. வாய் மெல்லும் ஒலிக்கு ஜப்பானிய மொழியில் 'பாக்கு பாக்கு' என்பார்களாம். கேட்டுக்கொண்டிருந்த என் மாமியார், "நம்ம வெத்திலை பாக்கா?" என்று கேட்டாரே, நாங்கள் மூவரும் ஒன்றாகச் சிரித்து எத்தனை நாளாகியிருந்தது!

பெண்களை நினைத்துச் செய்த ஆட்டம். அதை ஆட எங்களைக் கடைக்குள் விடவில்லை. அன்றுதான் நான் சொன்னேன்: "நம்ம வீட்டுலயே ஒண்ணு செஞ்சா என்னடா?"

இன்னொரு நியாயமும் இருக்கிறது. காசு போட்டு ஆடும் ஆட்டம் சீக்கிரம் முடிந்தால்தான் கடைக்காரருக்கு அடுத்த காசு விழும். அதனால் மூன்று 'உயிர்' போனால் ஆட்டம் தீர்ந்தது, அடுத்தவர் முறை. செல்போன் ஆட்டத்துக்கோ முடிவே கிடையாது. முடியாமல் இழுப்பதுதான் அதற்கு வருமானம். பழைய ஆட்டத்தில் 'போதும்' என்பது உள்ளேயே இருக்கிறது. தாய்மார்களுக்கு இது சின்ன விஷயமா?

கனம் ஏன் ஆகாது?

வரைபடத்தை எடுத்துக்கொண்டு தச்சரிடம் போனோம். "18 எம்.எம். பிளைவுட்ல போட்டுடலாம்மா, பத்து வருஷம் அசையாது" என்றார். "அசையணும் அண்ணே! நான் ஒருத்தியா தூக்கணும்" என்றேன்.

காரணம் இருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. இவர் வெளியூரில் இருந்தார். வீட்டில் நானும் மாமியாரும் பிள்ளையும். அரிசி, துணி, பள்ளிப் புத்தகம் எல்லாவற்றையும் மாடிப்படிக்கு ஏற்றினோம். மரத்தூள் பலகையில் செய்த கம்ப்யூட்டர் மேஜையை மட்டும் நகர்த்த முடியவில்லை. மறுநாள் அது ஊறவைத்த ரொட்டி மாதிரி உப்பிக் கிடந்தது. அன்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்: இந்த வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும் ஒரு குடம் தண்ணீர் எடைக்கு மேல் இருக்கக் கூடாது. குடத்தோடு நான் மாடி ஏறுவேன். அதற்கு மேல் என்றால் இன்னொருவர் வேண்டும். புயல் நேரத்தில் அந்த இன்னொருவர் இருக்கமாட்டார்.

கடைகளில் இருந்த ஆளுயரப் பெட்டிகள் 100 கிலோவுக்கு மேல் இருக்கும். 8 அடிக்கு 4 அடி, 18 எம்.எம். பிளைவுட் ஒரு ஷீட்டே சுமார் 30 கிலோ. 6 எம்.எம். என்றால் பத்து, பதினொன்று கிலோதான். "மெலிசா இருந்தா நெளியுமே?" என்று யோசித்தபோது வழி காட்டியவர் என் கொழுந்தனார். அவர் ஃபைபர் படகு பழுது பார்ப்பவர். "ஃபைபர் போட்டைப் பாருங்க அண்ணி. தோல் மெலிசுதான். உள்ள எலும்பு குடுத்திருக்கோம். அதான் அலை அடிச்சாலும் தாங்குது" என்றார். அவ்வளவுதான் சூத்திரம்: மெல்லிய பலகை, மூலைகளில் சட்டம்.

தேவையானவை

6 எம்.எம். பிளைவுட் பாதி ஷீட். பொத்தான் பலகைக்கு மட்டும் 12 எம்.எம். துண்டு ஒன்று; முக்கால் அங்குல மர ரீப்பர் 20 அடி; மரப் பசை; துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூ (கடல் காற்றுக்கு இரும்பு ஸ்க்ரூ ஒரே மழைக்காலத்தில் துருவேறிவிடும்); பழைய 17 அங்குலத் தட்டை மானிட்டர்; ஒரு ஜாய்ஸ்டிக், எட்டு பொத்தான், அவற்றைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கும் யு.எஸ்.பி. என்கோடர் பலகை (மூன்றும் ஒரே செட்டாக ஆன்லைனில் கிடைக்கிறது). ஒரு பழைய கம்ப்யூட்டர்.

கம்ப்யூட்டருக்கு நாங்கள் செலவே செய்யவில்லை. 2011-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விழுப்புரத்து அண்ணன் மகளுக்குக் கிடைத்தது, திரை உடைந்து பரணில் கிடந்தது. திரை உடைந்தால் என்ன? வி.ஜி.ஏ. ஒயரில் மானிட்டரை இணைத்தால் வேலை செய்தது. அப்படி எதுவும் இல்லாதவர்கள் ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் வாங்கலாம். எடை 50 கிராம்கூட இல்லை.

பலகை, ரீப்பர், ஸ்க்ரூ 1,900 ரூபாய், பொத்தான் செட் 1,800, பழைய மானிட்டர் 1,500, பெயிண்ட் 400, தச்சருக்கு அறுப்புக் கூலி 300. ஆக மொத்தம் எங்களுக்கு ஆனது 5,900 ரூபாய்.

செய்முறை

1. ஜாக்கெட்டுக்குப் பேப்பர் கட்டிங் போடுகிறோமே, அதுபோல முதலில் அட்டையில் வெட்டுங்கள். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டி போதும். எங்கள் பக்கப் பலகை: உயரம் 22 அங்குலம், அடியில் ஆழம் 16, மேலே 9. முன்பக்கம் 5 அங்குலம் நேராக ஏறி, பொத்தான் பலகைக்காக ஏழெட்டு அங்குலம் லேசாகச் சரிந்து உள்ளே போய், அங்கிருந்து மானிட்டர் சற்றே பின்னால் சாய்ந்து நிற்கும். அகலம் 18 அங்குலம். அட்டைப் பெட்டியை மேஜையில் வைத்துக் கையை வைத்துப் பாருங்கள். தோள் தூக்கினாலோ மணிக்கட்டு மடங்கினாலோ உயரத்தை மாற்றுங்கள். அட்டையில் மாற்றினால் செலவில்லை.

2. அளவு சரியானதும் பலகையில் வரைந்து தச்சரிடம் அறுத்து வாங்குங்கள். பக்கப் பலகை இரண்டையும் சேர்த்துப் பிடித்து உப்புத்தாளால் ஒன்றுபோலத் தேய்க்க வேண்டும்.

3. பக்கப் பலகைகளின் உட்புற ஓரமெங்கும் ரீப்பரைப் பசை தடவி ஸ்க்ரூ போடுங்கள். ஸ்க்ரூவுக்கு முன் சிறு துளை போடாவிட்டால் ரீப்பர் பிளந்துவிடும். ஒரு ராத்திரி காயட்டும். பிறகு அடி, மேல் பலகைகளைப் பூட்டுங்கள். பின்பலகையை மட்டும் பசை போடாமல் ஸ்க்ரூவால் நிறுத்துங்கள். பழுது பார்க்கத் திறக்க வேண்டுமே!

4. மானிட்டரின் காலைக் கழற்றினால் முதுகில் சதுரமாக நாலு ஸ்க்ரூ துளை இருக்கும். குறுக்கே இரண்டு ரீப்பர் கொடுத்து அதில் பூட்டுங்கள்.

5. பொத்தானுக்கு 28 அல்லது 30 எம்.எம். துளை வேண்டும். உங்கள் பொத்தானை அளந்து பார்த்துவிட்டு, டிரில்லில் 'ஹோல் ஸா' மாட்டிப் போடச் சொல்லுங்கள். இங்கேதான் நாங்கள் தவறு செய்தோம். எடை குறையட்டும் என்று இந்தப் பலகையையும் 6 எம்.எம்.-ல் போட்டேன். பிள்ளை ஒரு இழுப்பு இழுத்தான். அப்பளம் மாதிரி நெளிந்தது! கழற்றி 12 எம்.எம்.-க்கு மாற்றினோம். எல்லா இடத்திலும் சிக்கனம் கூடாது. அடி விழும் இடத்தில் கனம் வேண்டும்.

6. பலகையின் வெட்டுவாய்களில் இரண்டு கோட் மர பிரைமர், மேலே எனாமல். ஈரம் ஏறுவது வெட்டுவாய் வழியாகத்தான்.

7. லேசான பெட்டி ஆடும்போது வழுக்கும். அடியில் நாலு ரப்பர் புஷ் அடியுங்கள். இரு பக்கமும் கை நுழையும்படி பிடித் துளை வையுங்கள்.

எடை பார்த்தோம். எல்லாம் சேர்த்து 11 கிலோ. குடத்துக்குள் அடங்கியது!

மின்சாரத்தில் கவனம்

பெட்டிக்குள் 230 வோல்ட் ஒயரைத் திறந்து ஒட்டுப்போட வேண்டாம். மானிட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் அவற்றின் சொந்த ஒயர், அடாப்டரே போதும். பொத்தான்களுக்கு வருவது யு.எஸ்.பி.யின் 5 வோல்ட்தான், பிள்ளைகள் தொடலாம். காற்றுக்காகப் பின்பலகையில் கீழும் மேலும் வரிசையாகத் துளை போடுங்கள். கம்ப்யூட்டரை இரண்டு ரீப்பர் மேல் தூக்கி வையுங்கள். பழைய மடிக்கணினியின் பேட்டரி உப்பியிருந்தால் குத்தாமல், அழுத்தாமல் கழற்றி மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். பழைய குண்டு டி.வி.யை மட்டும் பிரிக்கவே பிரிக்காதீர்கள். நிறுத்தி வைத்த பிறகும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

ஆட்டங்களுக்கு 1997-லிருந்து வரும் 'மேம்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆட்டங்கள் வேறு, அவற்றுக்கு உரிமையாளர்கள் உண்டு. 'ராபி ரோட்டோ', 'கிரிட்லீ' போலச் சிலவற்றை வீட்டில் ஆட இலவசமாகவே விட்டிருக்கிறார்கள். நாங்கள் அவற்றில்தான் தொடங்கினோம். பாக்மேன் வேண்டுமென்றால் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். திருட்டுப் பிரதியை இறக்கித் தந்துவிட்டுப் பிள்ளைக்கு நேர்மை சொல்ல முடியுமா?

வீட்டில் என்ன மாறியது?

செலவுக் கணக்கை அவனையே ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். ஸ்க்ரூ வாங்கிய சில்லறைவரை எழுதினான். ஒரு நாள் நோட்டைப் புரட்டினால் கடைசிப் பக்கத்தில் '3,200' என்று எழுதி, கீழே 'பொங்கலுக்குத் தாத்தா கொடுத்தது 500, அம்மாவிடம் திருப்பியது' என்று இருந்தது. மீதி 2,700. என் அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் பார்த்தேன், நோட்டு இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

போனை அவன் விட்டுவிட்டான் என்று பொய் சொல்லமாட்டேன். இன்னும் பார்க்கிறான். ஆனால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆடிய பிள்ளை, கூடத்தில் எல்லார் முன்னிலையிலும் ஆடுகிறான். ஒருவருக்கு மூன்று ஆட்டம், பிறகு அடுத்தவர். இரவு ஒன்பதானால் பழைய புடவையைப் போட்டு மூடிவிடுவேன். இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் தூரத்தில் பார்வையை ஓட்டுவது கண்ணுக்கு நல்லது. முறை மாறி ஆடும்போது அது தானாகவே நடந்துவிடுகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். தூக்கம், சாப்பாடு, பள்ளி எல்லாம் போய் ஆட்டமே கதியாகக் கிடக்கும் பிள்ளைக்கு மரப்பெட்டி மருந்தாகாது. அளவு மீறிய ஆட்டப் பழக்கத்தை உலக சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அது 2022-ல் நடைமுறைக்கு வந்தது. அப்படியானால் வெட்கப்படாமல் டாக்டரிடம் போங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. ரகசிய எண்ணை மாற்றுவதையும் மறந்துவிடாதீர்கள்!

மாசி மகத்தன்று எங்கள் ஊர்க் கடற்கரைக்கு மயிலம் முருகன் முதலாகப் பல ஊர் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும். உறவெல்லாம் எங்கள் வீட்டில்தான் தங்கும். இந்த முறை நாத்தனார் மகள்கள் மூவரும் பெட்டி முன்னால் வரிசையில் நின்றார்கள். ஒரு பையன் இடையில் புகுந்து, "பொண்ணுங்களுக்கு இது வராது" என்றான். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "வரிசையில நில்லுப்பா, இப்ப அவங்க முறை" என்றேன். அவர்கள் ஆடி முடித்ததும் என் முறை. மூன்று உயிரும் இரண்டே நிமிஷத்தில் போய்விட்டது! பரவாயில்லை, மறுபடி வரிசையில் போய் நின்றுகொண்டேன்.