வளவு இல்லாதவரின் சம்பளம்

சிறு சம்பளத்தில் குடும்பம் நடத்தும் யாழ்ப்பாணத்தவரைச் சிக்கனக்காரர் என்று மெச்சிவிட்டுப் போவது நமக்குப் பழகிவிட்டது. அந்த மெச்சலில் ஒரு கணக்கு மறைந்துபோகிறது. தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2016இல் 10,000 ரூபாயாகச் சட்டமானது. 2025 ஏப்ரலில் அது 27,000 ஆகவும் 2026 சனவரியில் 30,000 ஆகவும் உயர்ந்தது. இடையில், 2022 செப்டம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. பிறகு பணவீக்கம் தணிந்தது. ஏறிய விலைகள் பெரும்பாலும் ஏறிய இடத்திலேயே நிற்கின்றன. இந்தச் சம்பளத்தில் இங்கே ஒரு வீடு ஓடுகிறதென்றால், சம்பளத்துக்குத் தோள்கொடுத்து அதை ஓட்டுவது வீட்டைச் சுற்றியுள்ள வளவுதான்.

கிணறு தண்ணீர் தருகிறது. வேலியோர முருங்கையும் வல்லாரையும் கறிச்செலவைக் குறைக்கின்றன. எரிவாயு கிடைக்காத 2022இல் பல அடுப்புகளை எரித்தவை தென்னம் பாளையும் பன்னாடையும் ஊமலும். சைக்கிள் பஸ் காசை மிச்சம்பிடிக்கிறது. போதனா வைத்தியசாலையும் 1945 முதல் கிடைத்துவரும் இலவசக் கல்வியும் அரசின் பங்கு. இவற்றில் எதுவும் சம்பளப் பட்டியலில் வராது. ஆனால் ஒன்று போனாலும் சம்பளம் குறைந்ததற்குச் சமம். சுன்னாகம் பகுதியில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்தபோது அங்குள்ளவர்கள் பவுசர் தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. யாருடைய சம்பளத்தையும் யாரும் வெட்டவில்லை, வீட்டுச் செலவு மட்டும் கூடியது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனபோது, தோட்டத்துக்கு இறைப்பவருக்கும் படகில் தொழிலுக்குப் போபவருக்கும் அதே கதிதான். 1990இல் போரால் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்தவர்கள் இழந்ததில் வீட்டோடு கிணறும் தோட்டமும் அடங்கும். முகாமிலும் வாடகை அறையிலும் அவர்கள் ஒவ்வொன்றையும் காசுக்கு வாங்க நேர்ந்தது.

வளவே இல்லாத நகரத்தில் குறைந்த சம்பளக்காரர் எப்படி வாழ்கிறார்? யப்பானைப் பார்ப்போம். அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கணக்கில்; 2024இல் நாட்டுச் சராசரி 1,055 யென். ஒசாகாவில் அறை எடுப்பவரிடம் முற்பணத்தோடு, திரும்பி வராத நன்றிப்பணமும் கேட்கும் வழக்கம் உண்டு. ஆனாலும் வேலைக்குப் போய்வரும் ரயில் செலவைப் பல முதலாளிமார் கொடுக்கிறார்கள். மருத்துவக் காப்புறுதியில் இருக்கும் பெரும்பாலானோர் சிகிச்சைச் செலவில் 30 வீதம் கட்டினால் போதும். 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த பொது வீடுகளில் வாடகை குடும்ப வருமானத்தைப் பார்த்தே குறிக்கப்படுகிறது. அந்த வீடுகள் எல்லோருக்கும் போதாமல் குலுக்கலில் கொடுக்கப்படுவதும் உண்மை. ஆனாலும் கொள்கை தெளிவானது: வளவு செய்யும் வேலையை அங்கே ஊராட்சி செய்கிறது.

வெளிநாட்டுக் காசு வருகிறதே, யாழ்ப்பாணத்துக்கு என்ன குறை என்பார்கள். ரொறன்ரோவிலோ லண்டனிலோ உறவு இருப்பவருக்குத்தான் அது வருகிறது. காணி வாங்க அந்தப் பணம் போட்டியிடும்போது, உறவில்லாதவர் காணியிலிருந்து இன்னும் தூரமாகிறார். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஜாம் போத்தல் விளக்கில் படித்து மேலே வந்தோமே என்பது அடுத்த வாதம். அதைச் சொல்பவர்களின் உழைப்பை நான் வணங்குகிறேன். ஆனால் தடையைத் தாங்க வளவும் கிணறும் உதவின. 1995 ஒக்ரோபர் இறுதியில் போரால் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, அதே உழைப்பாளிகள் இன்னொருவர் கிணற்றடியில் வரிசையில் நின்றார்கள். அவர்களுடைய மனவுறுதியில் எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

ஆகவே 30,000 என்ற எண்ணை எல்லோருக்கும் ஒன்றாக வாசிப்பது தவறு. கோண்டாவிலில் தாய்வீட்டு வளவில் இருப்பவருக்கும், நகரில் வாடகை அறையிலிருந்து கடைக்கு வேலைக்குப் போபவருக்கும் அது இருவேறு சம்பளம். போருக்குப் பின் வந்த இந்திய வீட்டுத்திட்டம் பெரும்பாலும் காணியுள்ளவர் தம் காணியில் கட்டிக்கொள்ளப் பணம் தந்தது. பெரிய உதவிதான், ஆனால் காணியில்லாதவரிடம் அது எளிதில் எட்டவில்லை. அடுத்து வரும் திட்டம் வாடகைக்காரரிலிருந்து தொடங்கட்டும்: பஸ் நிலையத்துக்கு சைக்கிளில் போகும் தூரத்தில், நல்ல தண்ணீர் உள்ள, வருமானத்தைப் பார்த்து வாடகை குறிக்கும் சிறு வீடுகள்.