டிராவுக்கு இறங்காத பையன்

தமிழக–கேரள எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும், செஸ் ரேட்டிங் போட்டி நடக்கிற மண்டபத்து வாசலில் பெற்றோர் சொல்கிற புத்திமதி ஒன்றுதான்: "அவன் டிரா கேட்டா ஒத்துக்கோ, அரைப் பாயின்ட் கைல இருக்கட்டும்." பாலக்காட்டுப் பிள்ளைக்கு அது மலையாளத்திலும் போடிமெட்டு இறங்கி வரும் மூணாறு தோட்டத்துப் பிள்ளைக்குத் தமிழிலும் கிடைக்கும், அவ்வளவுதான்.

அந்தப் புத்திமதி காதில் ஏறாத பையன் குகேஷ். 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடில் இந்தியா 'பி' அணிக்கு முதல் போர்டு அவர்தான். இரண்டாம் போர்டில், பாலக்காட்டுக்கு அடுத்த மாவட்டமான திருச்சூரின் நிஹால் சரின். நிஹாலை வளர்த்த பயிற்சியாளர் சென்னைக்காரரான ஸ்ரீநாத் நாராயணன். செஸ்ஸில் அந்த எல்லைக்கோடு எப்போதோ அழிந்துவிட்டது.

முதல் எட்டு ஆட்டங்களையும் ஜெயித்து, ஒன்பதாவதை டிரா செய்திருந்தார் 16 வயது குகேஷ். பத்தாவது ரவுண்டில் எதிரே உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவ், வயது 17. குகேஷ் கை ஓங்கியிருந்தது. பிறகு அந்தப் பிடி மெல்ல நழுவியது. அப்போதும் சமாதானத்துக்கு இறங்காமல் ஜெயிக்கவே ஆடினார். நகர்த்தலுக்கு 30 விநாடி கூடும் என்பது கேட்க நன்றாக இருக்கும். காயை நகர்த்தி, கிளாக்கைத் தட்டி, தாளில் எழுதி முடிப்பதற்குள் அதில் பாதி போய்விடும். அந்த நெருக்கடியில் குதிரையைத் தவறான கட்டத்தில் வைத்தார். தோல்வி. தலையைக் கைகளில் புதைத்து அவர் உட்கார்ந்திருந்த படத்தை அன்று பார்க்காதவர் குறைவு.

மூன்றாம் போர்டில் பிரக்ஞானந்தா ஜெயித்ததால் அந்தச் சுற்று 2–2. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு, வெண்கலம் இந்தியா 'பி'க்கு. குகேஷும் நிஹாலும் தத்தம் போர்டுகளில் தனிநபர் தங்கம் வாங்கினார்கள் என்பதைப் பலர் மறந்தே போனார்கள்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன்ஷிப்பின் 14-வது ஆட்டம். டிராவில்தான் முடியும் என்று எல்லோரும் எழுந்திருக்கப் பார்த்த நிலை. ஒரு சிப்பாய் கூடுதல் என்பதைப் பிடித்துக்கொண்டு குகேஷ் விடாமல் ஆடினார். 55-வது நகர்த்தலில் எதிராளி டிங் லிரென் யானையைத் தப்பான கட்டத்தில் வைக்க, 7.5–6.5. பதினெட்டு வயதில் உலக சாம்பியன்.

வாசலில் நிற்கும் பெற்றோருக்கு சிங்கப்பூர் ஆட்டத்தை மட்டும் காட்டும் பயிற்சியாளரை நான் நம்பமாட்டேன். மாமல்லபுரத்து ஆட்டத்தையும் பக்கத்திலேயே போட்டுக் காட்டட்டும். பிறகு டிராவை வாங்குவதா வேண்டாமா என்று போர்டில் உட்காரும் பிள்ளையே முடிவு செய்யட்டும்.