அன்னி வளர்த்த மலைத் தோட்டம்

"குடும்பப் பத்திரிகையில் ஒயின் வடிக்கிற கதையா?" என்று மூக்கின்மேல் விரலை வைத்துவிடாதீர்கள். புட்டியைத் திறக்கும்படி உங்களிடம் சொல்லப் போவதில்லை. ஒரு நிலத்தின் கதையைத்தான் சொல்லப் போகிறேன். அதில் நூறு வருஷ இடைவெளியில் இரண்டு இல்லத்தரசிகள் வருகிறார்கள்.

அமெரிக்காவில், ஸான்பிரான்ஸிஸ்கோவுக்கு வடக்கே, நாபா என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் வட கோடியில் காலிஸ்டோகா என்ற சிற்றூர். ஊரை ஒட்டிய மலைச் சரிவில், மரங்களுக்கு நடுவே அமைந்திருக்கிறது ஷ்ராம்ஸ்பர்க் பண்ணை.

ஜேக்கப் ஷ்ராம் ஜெர்மனியிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். ஊர் ஊராகப் போய் முகச் சவரம் செய்வது அவர் தொழில். அப்படிச் சேர்த்த பணத்தில் 1862-ம் வருஷம் இந்தக் காட்டு நிலத்தை வாங்கினார். வாங்கிவிட்டால் போதுமா? திராட்சைக் கொடி பலன் தர வருஷங்கள் ஆகுமே! அதுவரை அடுப்பு எரிய வேண்டாமா? ஜேக்கப் கத்தியை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஊர் சுற்றக் கிளம்பினார். வீட்டில் இருந்த மனைவி அன்னிதான் கொடி நடும் வேலைகளைக் கூட இருந்து கவனித்துக்கொண்டாள்.

தோட்டம் தழைத்தது. ஒயினைக் குளுமையாக வைத்திருக்க மலையைக் குடைந்து நிலவறைகள் அமைத்தார்கள். குடைந்தவர்கள் சீனத் தொழிலாளர்கள். அதே சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வரக் கூடாது என்று 1882-ல் சட்டம் வந்தது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1880-ல் அந்தப் பண்ணைக்குப் புது மணத் தம்பதிகள் இருவர் விஜயம் செய்தார்கள். 'புதையல் தீவு' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸனும் அவர் மனைவி ஃபானியும்தான் அவர்கள். ஸ்டீவன்ஸன் நிலவறையில் ஒவ்வொரு ரகமாக ருசி பார்க்க, பெண்கள் இருவரும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்களாம். அந்த விஜயத்தைப் பற்றி அவர் தம்முடைய புத்தகம் ஒன்றில் எழுதியிருக்கிறார்.

1905-ல் ஜேக்கப் காலமானார். வேரைத் தின்னும் பூச்சி கொடிகளை அழித்துக்கொண்டிருந்த காலம் அது. மகன் 1912-ல் பண்ணையை விற்றுவிட்டார். 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு வேறு. அன்னி வளர்த்த தோட்டம் கைமாறி, கைமாறிப் பாழாயிற்று.

*

ஜாக் டேவிஸ் நல்ல நிர்வாக உத்தியோகத்தில் இருந்தவர். 1965-ல் அவரும் மனைவி ஜேமியும் இந்தப் பாழடைந்த பண்ணையை வாங்கிக் குடியேறினார்கள். மூன்றாவது பிள்ளை பிறந்த வருஷம் அது. கைக்குழந்தையோடு இருக்கையில், "உத்தியோகத்தை விட்டுவிட்டு மலையடிவாரத்துப் பாழ் வீட்டுக்குப் போகலாம்" என்று உங்கள் கணவர் சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்? ஜேமி தாமும் சேர்ந்து உழைக்கப் புறப்பட்டார்.

பிரான்ஸ் தேசத்து ஷாம்பேன் முறையில் நுரைக்கும் ஒயின் செய்வது என்று இருவரும் தீர்மானித்தார்கள். இந்த முறைக்குப் பொறுமைதான் மூலதனம். சாதா ஒயினைப் புட்டியில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து மூடிவிடுவார்கள். புட்டிக்குள்ளேயே அது மறுபடியும் புளிக்கும். அதில் உண்டாகும் வாயு மோட்டார் டயரில் உள்ளதைப் போல் இரண்டு மூன்று மடங்கு அழுத்தம் கொடுக்கும். அதனால்தான் புட்டிக் கண்ணாடி அவ்வளவு தடிமன்.

புட்டிகள் வருஷக் கணக்கில் நிலவறையில் படுத்திருக்கும். பிறகு அவற்றைத் தலைகீழாகச் சாய்த்து, தினம் சிறிது சிறிதாகத் திருப்புவார்கள். வடுமாங்காய் ஜாடியை நாள்தோறும் குலுக்கி வைக்கிறோமே, ஏறக்குறைய அந்தக் கவனம்தான். வண்டல் முழுவதும் கழுத்துக்கு வந்ததும், கழுத்தை மட்டும் உறைய வைத்து மூடியைத் திறந்தால், உறைந்த வண்டல் தானே துள்ளி வெளியே விழும். இன்று போட்ட முதல் திரும்பி வர இப்படிப் பல வருஷம் ஆகும்.

1972 பிப்ரவரியில் ஜனாதிபதி நிக்ஸன் சீனாவுக்குப் போனார். பீஜிங் விருந்தில் அவரும் பிரதமர் சௌ என்-லாயும் சமாதானத்துக்காகக் கிண்ணம் உயர்த்தியபோது அதில் இருந்தது ஷ்ராம்ஸ்பர்க் ஒயின். சீனத் தொழிலாளிகள் மலை குடைந்த பண்ணையிலிருந்து ஒரு புட்டி சீனாவுக்கே போயிற்று!

*

உலகத்துக்குத் தெரிந்தது அந்த விருந்துதான். ஆனால் அதற்கு நாலு வருஷம் முன்னால் நடந்த ஒரு காரியம் அதைவிடப் பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த நாளில் நகரங்கள் பெருகிக்கொண்டே வந்தன. தெற்கே ஸாண்டா கிளாரா பள்ளத்தாக்கில் பழத்தோட்டங்கள் வீட்டு மனைகளாக மாறிவந்தன. நாபாவுக்கும் அந்தக் கதி நேரும் என்று பயந்தவர்களில் ஜாக் டேவிஸ் ஒருவர். பள்ளத்தாக்கின் விளைநிலத்தை 20 ஏக்கருக்குக் குறைவாகத் துண்டு போடக் கூடாது என்று ஒரு விதி வேண்டும் என அவரும் நண்பர்களும் வாதாடினார்கள்.

எதிர்ப்புக் கிளம்பாமல் இருக்குமா? "என் நிலத்தை நான் விற்க இன்னொருவர் யார்?" என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. மனை விலை எங்கே, விளைநில விலை எங்கே? பெண்ணுக்குக் கல்யாணம், பிள்ளைக்குப் படிப்பு என்று வந்தால் நிலத்தைத்தானே எல்லாரும் பார்க்கிறோம்! ஆயினும் 1968-ல் விதி நிறைவேறியது. பிற்பாடு 20 ஏக்கர் 40 ஆக உயர்த்தப்பட்டது. அமெரிக்காவிலேயே இத்தகைய முதல் விவசாயக் காப்பு நிலம் இதுதான். ஸாண்டா கிளாராவில் பழத்தோட்டங்கள் போன இடம் இன்று ஸிலிக்கன் பள்ளத்தாக்கு. நாபாவிலோ திராட்சைக் கொடிகள் இன்னும் படர்ந்திருக்கின்றன.

ஜாக் 1998-ல் காலமானார்; ஜேமி 2008-ல். அவர்கள் குடியேறிய வருஷத்தில் பிறந்த கடைசி மகன் ஹ்யூ, பெற்றோரின் தொழிலைக் கையில் எடுத்துக்கொண்டார்.

நட்டவள் ஒருத்தி, மீட்டவள் இன்னொருத்தி. இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. அடுத்த முறை உங்கள் வீட்டில், "ஊர் நிலத்தை விற்றுவிடலாமா?" என்று பேச்சு எழும்போது அவர்களை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். விற்பதும் விற்காததும் உங்கள் இஷ்டம். ஆனால் அந்த முதல் கன்றை யார் கை நட்டது என்று மட்டும் குழந்தைகளுக்குச் சொல்லி வையுங்கள்.